தந்தையார் விட்டுச்சென்ற சவரக் கருவி

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயற்குழு நண்பர்கள் கேட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்பதால், அரசர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டதோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருள். என் தந்தையார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய சவர ரேசர் அது. இதற்கு என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று இளைஞர்கள் எண்ண வேண்டா. நம்மவர் வீடுகளில் செப்பேடுகளும் ஓலைச் சுவடிகளும் இல்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடப்பவற்றிலிருந்துதான் நம் வரலாற்றை எடுக்க வேண்டியுள்ளது.

என் தாயார் 2014ஆம் ஆண்டில் மறைந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், கட்டிலுக்கடியிலிருந்த தந்தையாரின் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். அவர் 1987இலேயே காலமாகிவிட்டவர். இருபத்தேழு ஆண்டுகளாக அம்மையார் அப்பெட்டியை எவரையும் தொடவிட்டதில்லை. உள்ளே பட்டாளத்து விடுவிப்புச் சான்றிதழ், இரண்டு பதக்கங்கள், பாச்சை அரித்த கம்பளிச் சட்டை ஒன்று, பழைய துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று ஆகியவை இருந்தன. பொட்டலத்தைப் பிரித்தபோது ரேசர் வந்தது. மூடியும் தட்டும் கைப்பிடியும் பச்சைக் களிம்பேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, எடைக்குப் போடும் பித்தளைத் துண்டு போலக் காட்சியளித்தது. என் தம்பி அதனைக் குப்பையோடு ஒதுக்கினான். நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உடன்பிறந்தோர் நால்வருள் எனக்கு வந்த பங்கு அதுவே. நிலம் என்று பங்கிட எங்களுக்கு எதுவும் இருந்ததில்லை.

இக்கருவி நம்மவர் வீட்டுக்குள் வந்ததன் பொருளை உணர வேண்டுமானால், அதற்கு முன்பு நிலைமை எவ்வாறிருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எங்கள் ஊர் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் 1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நிலவுடைமைச் சாதியினர் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக விளங்கிய ஜே. எச். ஹட்டன் அத்தடைகளைத் தமது நூலில் பட்டியலிட்டிருக்கிறார். ஆதிதிராவிடர் பொன் நகையோ வெள்ளி நகையோ அணியலாகாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது. சட்டையும் பனியனும் கூடா. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. அப்பட்டியலில் நான்காவதாக நிற்பது, ஆதிதிராவிடர் எவரும் தலைமயிரைக் கிராப்பு வெட்டிக்கொள்ளலாகாது என்பது. தடையை மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கால்நடைகளும் தானியமும் அழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின. அவற்றுள் ஒன்று நம் பிள்ளைகள் எழுத்தறிதலே கூடாது என்றது. கல்விக் கழகத்தின் மலரைக் கையில் வைத்திருப்போர் அவ்வொரு வரியை மறுமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

என் தந்தையார் பிறந்தது 1921இல். கிராப்பு வெட்டலாகாது என்ற கட்டளை பிறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. தலைமயிரும் தாடியும் ஒருவனது உடம்பின் பகுதிகள். அவற்றை எவ்வளவு நீளம் வளர்ப்பது, எப்போது களைவது என்பதைக்கூட மற்றொருவன் தீர்மானித்த காலம் அது.

தடை எழுதப்படாத ஊர்களில் மட்டும் நிலைமை வேறாக இருந்ததா? ஊர்க் குடிமகனாகிய நாவிதர் சேரிக்குள் அடைப்பத்தோடு வருவதில்லை. சேரி ஆள் அவரது வாசலுக்குப் போவதும் இல்லை. எங்கள் பக்கத்தில் நம்மவருள்ளேயே கைப்பழக்கமுள்ள ஒரு முதியவர், சாணைக்கல்லில் தீட்டிய கத்தியால் அனைவர்க்கும் மழித்துவிடுவார். சோப்பு இல்லை, வெறுந் தண்ணீர்தான். கத்தி மொன்னையாக இருந்த நாளில் கண்ணில் நீர் வராமல் எழுந்தவர் இல்லை என்று தந்தையார் கூறுவார்.

இதனை எழுதும்போது அண்ணல் அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். அவர் தம் வாழ்க்கை அனுபவங்களைக் குறித்துவைத்த கையெழுத்துப் படி ஒன்று 1990இல் தனி நூலாக வெளிவந்தது. அதில் சதாராவில் கழிந்த தம் இளமைக்காலத்தைச் சொல்லும்போது, தமக்கும் உடன்பிறந்தோர்க்கும் முடி வெட்டி மழித்துவிட்டவர் தம் மூத்த சகோதரியே என்கிறார். அந்நகரில் நாவிதர் பலர் இருந்தனர். கூலி கொடுக்க இவர்களிடம் காசும் இருந்தது. ஆயினும் தீண்டத்தகாதார் தலையில் கை வைக்க நாவிதர் ஒருவரும் இசையவில்லை. தம்பியர் தலைகளிலேயே பழகிப் பழகி அவ்வம்மையார் தேர்ச்சி பெற்றுவிட்டாராம். இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவரின் வீட்டிலேயே இந்நிலை என்றால், மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஈண்டு ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நம்மைத் தொட மறுத்த நாவிதர் சமூகத்தை எந்த மேல்சாதியும் சமமாக நடத்தியதில்லை. அவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே. அறுவடைக் களத்தில் நிலக்கிழார் அளந்து போடும் நெல்லே அவர்களுக்கு ஆண்டுக் கூலி. சேரியில் ஒருவனுக்கு மழித்த கத்தி தன் கன்னத்தில் படலாகாது என்பது நிலக்கிழாரின் கட்டளை. மீறினால் நெல் நின்றுவிடும். கத்தி நாவிதர் கையில் இருந்தது. அது யார் முகத்துக்குப் போகலாம் என்னும் ஆணை வேறிடத்தில் இருந்தது.

இந்த வழக்கம் நம் நாட்டுக்கே உரியதென்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் 1858இல் அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ன்டன் என்னும் கறுப்பினத்தவர், அட்லாண்டா நகரில் பெருஞ்சிறப்புடைய முடிதிருத்தகம் நடத்திப் பெருஞ்செல்வரானார். 1905இல் காப்பீட்டு நிறுவனம் ஒன்றையும் நிறுவினார். ஆனால் பீச்ட்ரீ தெருவிலிருந்த அவரது அலங்கார நிலையத்தில், வேலை செய்தோர் கறுப்பர், நாற்காலியில் அமர்ந்தோர் வெள்ளையர். கறுப்பினத்தவர் ஒருவர் அங்குச் சவரம் செய்துகொள்ள இயலாது. அமர்த்தினால் வெள்ளையர் வரமாட்டார்கள். கடல் கடந்தும் கத்தி அதே ஆணைக்குத்தான் கீழ்ப்படிந்தது.

இனி, கருவியின் கதைக்கு வருவோம்.

நாவிதர் கத்தி எனப்படும் நீண்ட கத்தியைத் தன் கையாலேயே தன் கழுத்தில் ஓட்டுவது எல்லார்க்கும் இயலாது. அதற்குப் பழக்கம் வேண்டும். கத்தியை அன்றாடம் தோல்வாரில் தீட்டவும் வேண்டும். முகத்தை வெட்டாத கத்தி ஒன்றை உருவாக்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டில் தொடங்கியது. 1880இல் நியூயார்க்கில் காம்ப்ஃப் சகோதரர்கள் காப்புத் தகட்டுடன் கூடிய ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஆனால் அவற்றிலும் கத்தித் துண்டைக் கழற்றித் தீட்டியே ஆக வேண்டும். தீட்டும் வேலையை அடியோடு நீக்கியவர் கிங் கேம்ப் ஜில்லெட் ஆவார்.

ஜில்லெட் 1855இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். சோடா புட்டிகளுக்கான தகர மூடி விற்கும் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தார். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பொருளைக் கண்டுபிடித்தால் வாங்கியவர் மீண்டும் மீண்டும் வருவர் என்று, அம்மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெய்ன்டர் அவருக்குச் சொன்னதாகக் கூறுவர். 1895இல் ஒரு காலை, மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது அவருக்கு எண்ணம் உதித்தது: மெல்லிய எஃகுத் தகட்டின் இரு ஓரங்களையும் கூராக்கி, மழுங்கியதும் எறிந்துவிட்டால் என்ன? அவ்வளவு மெல்லிய தகட்டைப் பதப்படுத்திக் கூராக்க இயலாது என்று எஃகு அறிந்தவர்கள் கைவிரித்தனர். வில்லியம் எமரி நிக்கர்சன் என்னும் பொறியாளரே அதற்கு வழிகண்டார். 1901இல் பாஸ்டன் நகரில் நிறுவனம் தொடங்கியது. 1903ஆம் ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. மறு ஆண்டே ரேசர் விற்பனை 90,000ஐ எட்டியது. 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது.

இந்த மனிதர் ஒரு விந்தையானவர். ரேசரைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, 1894இல், போட்டி வணிகத்தைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். நாட்டின் தொழில்கள் அனைத்தும் மக்களுக்கே உரிய ஒரே நிறுவனத்தின் கீழ் வரவேண்டும், நயாகரா அருவியின் ஆற்றலைக் கொண்டு இயங்கும் ஒரே மாநகரில் அனைவரும் வாழவேண்டும் என்பது அவர் கனவு. கனவு நூலோடு நின்றது. பிளேடு உலகெங்கும் சென்றது.

கருவியின் நுட்பம் எளியது. காகிதம் போல் மெல்லிய பிளேடு தனியே நின்றால் வளையும், நடுங்கும். வளைந்த மூடிக்கும் காப்புத் தட்டுக்கும் இடையில் வைத்துக் கைப்பிடியைத் திருகினால், அது வில்போல் வளைந்து விறைப்பாகிறது. விளிம்பு மட்டும் மயிரிழை அளவு வெளியே நிற்கும். மயிரை வெட்டும், தோலை ஆழமாக வெட்டாது. மூன்று துண்டுகள், ஒரு திருகு. அவ்வளவே.

இதனை உலகத்தின் கைக்குக் கொண்டு சேர்த்தது போர் என்பது வருந்தத்தக்க உண்மை. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக 35 இலட்சம் ஜில்லெட் ரேசர்களையும் 3 கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. பதுங்குகுழியில் நாவிதரை எங்கே தேடுவது? வீடு திரும்பியோர் ரேசரையும் அதைப் பயன்படுத்தும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

என் தந்தையாரும் அவ்வாறே கொண்டுவந்தவர். இரண்டாம் உலகப் போரில் 25 இலட்சம் பேர் இந்தியப் படையில் சேர்ந்தனர். பஞ்சமும் வேலையின்மையும் துரத்த, தாழ்த்தப்பட்ட இளைஞர் பலர் அதில் போய்ச் சேர்ந்தனர். தந்தையார் 1942இல் பயனியர் படைப்பிரிவில் சேர்ந்தார். துப்பாக்கியைவிட மண்வெட்டியே அவர் கையில் மிகுதியாக இருந்தது. இம்பாலிலிருந்து டாமு செல்லும் மலைப்பாதையில் மழையிலும் மலேரியாவிலும் கல் உடைத்தவர். “பட்டாளத்தில் தினமும் சவரம் கட்டாயம்” என்பார். “தாடியோடு அணிவகுப்பில் நின்றால் தண்டனை. ஊரில் மழித்தால் தண்டனை, அங்கே மழிக்காவிட்டால் தண்டனை” என்று சொல்லிச் சிரிப்பார். அச்சிரிப்பில் எனக்கு எப்போதும் முழுமையாகச் சேர இயன்றதில்லை.

1946இல் பட்டாளத்தை விட்டு வந்தபோது கொண்டுவந்த உடைமைகளுள் ஒன்று, ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று பொறித்த இந்த ஜில்லெட் ரேசர். பித்தளையின் மேல் நிக்கல் முலாம் பூசியது. எங்கள் வாசலில் வேப்பமரம் ஒன்று உண்டு. அதில் ஆணியடித்துக் கையகலக் கண்ணாடியை மாட்டி, காலையில் வாசலில் நின்றே சவரம் செய்வார். வீட்டுக்குள் செய்யலாமே என்று பாட்டியார் அஞ்சிக் கேட்டாராம். உள்ளே வெளிச்சம் போதாது என்பது தந்தையாரின் விடை. ஊர்ப் பெரியதனக்காரரின் ஆள் ஒருவன் வந்து, மினுக்கிக்கொண்டு திரிவது யாருக்காக என்று கேட்டுவிட்டுப் போனான். மறுநாளும் சவரம் அதே இடத்தில் நடந்தது. கண்ணாடி மட்டும் சிறிது திருப்பி மாட்டப்பட்டிருந்தது. தம் முகத்தோடு, தமக்குப் பின்னால் தெருவில் வருவோரும் அதில் தெரியவேண்டும் என்பதற்காக. பட்டாளத்தில் கற்றதில் இது ஒன்று என அம்மையார் சொல்வார்.

விரைவில் அது எங்கள் தெருவின் ரேசர் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் காத்திருப்பர். மாப்பிள்ளைச் சவரத்துக்கு மட்டும் புதுப் பிளேடு, மற்றவர்களுக்குப் பழையது. அந்நாளைய பிளேடு துருப்பிடிக்கும் எஃகு. துருவேறாத எஃகு பிளேடு பரவலானது 1960களில்தான். ஆகையால் ஒவ்வொரு முறையும் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பார். மழுங்கினால் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்துக் கூரேற்றுவார். அத்தம்ளரில் எழும் மெல்லிய கீச்சொலி என் பிள்ளைப் பருவத்தின் விடியற்கால ஒலிகளுள் ஒன்று. பலர்க்கு ஒரே பிளேடு பயன்படுத்துதல் நோய் பரவ வழியாகும் என்பதை இன்று நாம் அறிவோம். அன்று அறிந்தாரில்லை. அதனை ஒரு குறையாகவே இங்குக் குறிக்கிறேன்.

ஆனால் ரேசருக்கு ஒரு வரம்பு உண்டு. அது முகத்தை மழிக்கும், தலைமயிரைக் கத்தரிக்காது. தன் பின்தலையைத் தானே கத்தரித்துக்கொள்ளும் மனிதன் இல்லை. ஆகவே பிறர் கை வேண்டியே இருந்தது.

1963ஆம் ஆண்டு சூன் மாதம். நான் அருகிலுள்ள சிறுநகரத்தில் உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். எங்கள் தெருவிலிருந்து அப்பள்ளிக்குப் போகும் முதற்பிள்ளை நான். ஆகவே கிராப்பு ஒழுங்காக இருத்தல் வேண்டுமென்று தந்தையார் முடிவு செய்தார். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 சூன் 1 முதல் நடைமுறையில் இருந்தது. இரவுப் பள்ளி ஆசிரியர் அதனைப் படித்துப் பொருள் சொல்லக் கேட்டிருந்தார் தந்தையார். எனவே சலவைச் சட்டை அணிந்து, பதக்கங்களையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் கைப்பிடித்துச் சலூனுக்கு அழைத்துச் சென்றார். பதக்கங்கள் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

கடைக்காரர் எங்கள் ஊரிலிருந்து போய்க் கடை வைத்தவர். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறியது. வெளியே வந்து, தாழ்ந்த குரலில், “பட்டாளத்தாரே, நான் செய்யமாட்டேன் என்று சொல்லவில்லை. உங்கள் பிள்ளையை இந்த நாற்காலியில் உட்கார வைத்தால் நாளைக்கு இந்தக் கடை இருக்காது. ஊரில் என் தகப்பனுக்குக் களத்து நெல்லும் இருக்காது” என்றார். தந்தையார் மடியில் கை வைத்தார். பதக்கத்தை எடுப்பார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, “சரி” என்று திரும்பினார்.

அன்று மாலை வேப்பமரத்தடியில், அம்மையாரின் தையல் கத்தரிக்கோலால் அவரே எனக்கு முடி வெட்டினார். மலைப்பாதை போட்டவருக்குத் தலையில் சமன் பார்க்கத் தெரியவில்லை. பின்தலை படிக்கட்டாயிற்று. பின்னங்கழுத்தை மட்டும் ரேசரால் நேராக்கினார். கழுத்தில் பட்ட அந்தக் குளிர்ந்த உலோகத்தையும், அவர் கை சற்றே நடுங்கியதையும் இன்றும் உணர்கிறேன். பள்ளியில் முதல் ஆண்டு முழுவதும் எனக்குப் ‘படிக்கட்டு’ என்றே பெயர்.

காவல் நிலையத்துக்கு அவர் போகவில்லை. வளர்ந்தபின் இதுபற்றி அவரோடு பலமுறை வாதிட்டிருக்கிறேன். சட்டத்தை நான் படித்தவன். கடை என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் வரையறையில் சலவையகமும் முடிதிருத்தகமும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. தீண்டாமையின் காரணமாகப் பணி செய்ய மறுப்பது அதன் 6ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சொற்கள் சட்டத்துக்குள் தாமாக வந்து விழவில்லை. 1948 நவம்பர் 29ஆம் நாள், அரசியல் நிருணய சபையில் கடைகளுக்குள் செல்லும் உரிமை பற்றிய பிரிவு விவாதிக்கப்பட்டபோது, கடை என்பது எவற்றையெல்லாம் குறிக்கும் என்னும் வினா எழுந்தது. தம்மிடம் வருவோர்க்குப் பணி செய்ய ஒருவர் அமர்ந்திருக்கும் இடம் எதுவோ அதுவே கடை, நாவிதர் பணியும் அதில் அடங்கும், உள்ளே நுழைவது மட்டுமன்று பணியைப் பெறுவதும் உரிமையே என்ற கருத்தில் அண்ணல் அம்பேத்கர் விளக்கம் தந்தார். அவ்விளக்கத்தைப் படிக்கும்போதெல்லாம், சதாராவில் தம்பியின் தலையைக் குனியவைத்துக் கத்தரி பிடித்த அந்த அக்காளை நான் நினைத்துக்கொள்வேன். 1964இல் அமெரிக்கா இயற்றிய குடியுரிமைச் சட்டத்தில், ஓட்டலும் திரையரங்கும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. தனியே நடக்கும் முடிதிருத்தகம் அப்பிரிவுக்குள் வரவில்லை. நம் சட்டம் அவ்வகையில் மேலும் விரிந்தது. விரிந்த சட்டம் கையிலிருந்தும் நாம் ஏன் போகவில்லை என்பதே என் கேள்வி.

தந்தையாரின் விடை ஒன்றே. “புகார் கொடுத்தால் சிறைக்குப் போகிறவன் அந்தச் சலூன்காரன். அவனைத் தடுத்தவன் அல்ல.” இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அவர் போயிருக்க வேண்டும் என்றே நான் இன்றும் கருதுகிறேன். எழுதப்படாத புகாரை எந்த அரசும் கணக்கில் எடுப்பதில்லை. 1976இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறி, குறைந்த அளவு தண்டனையும் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் பின்னும் முடிதிருத்தகங்களில் மறுப்பு நடந்த செய்திகள் நம் காலம் வரை வந்துகொண்டுதான் உள்ளன. எங்கள் தகராறு தீர்வதற்குள் அவர் காலமானார்.

ரேசரைச் செப்பனிட்ட கதையை இனிச் சொல்கிறேன். வீட்டில் இத்தகைய பழம்பொருள் வைத்திருக்கும் இளைஞர்க்கு இது பயன்படலாம்.

முதற்சிக்கல் திருகு. குறடு போட்டுத் திருகியிருந்தால் கைப்பிடியின் வரிகள் நசுங்கியிருக்கும். தையல் இயந்திர எண்ணெயைத் துளித்துளியாக விட்டு இரண்டு இரவுகள் வைத்தேன். மூன்றாம் நாள் வெந்நீரில் சற்று நேரம் கிடத்தி, துணி சுற்றித் திருப்பினேன். முனகிக்கொண்டு கழன்றது. உள்ளே துருப்பிடித்த பிளேடு ஒன்று தட்டோடு ஒட்டியிருந்தது. 1987இல் அவர் கடைசியாகப் போட்ட பிளேடு. அதன் கீழே சோப்பு நுரை உறைந்த வெண்படிவம். அதில் நரைத்த மயிர்த்துகள்கள் சில இருந்தன. அன்று அதற்குமேல் வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் எடுத்தேன். பாத்திரக் கடை நண்பர் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். வெறும் பித்தளைக்கு அது தகும். நிக்கல் முலாமின் மேல் புளிப்புப் பொருளை நெடுநேரம் வைத்தால் முலாம் மங்கும். ஆகவே வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். உப்புநீர் விட்ட வெண்படிவத்துக்கு மட்டும், நீர் கலந்த வினிகரில் சில நிமிடம் முக்கி உடனே கழுவினேன். மூலைகளில் இருந்த களிம்பை ஈர்க்குச்சியால் சுரண்டினேன். கம்பி நார் போன்றவற்றை அருகில் கொண்டுபோகலாகாது. நான்கு மாலைகள் ஆயின. மூடியின் மேல் மீண்டும் வெளிச்சம் வந்தது.

கைப்பிடியில் ஓரிடத்தில் மட்டும் முலாம் முற்றிலும் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. மதுரையில் முலாம் பூசும் பட்டறை ஒன்றுக்குக் கொண்டு சென்றேன். “பழைய முலாமை எடுத்து, பஃபிங் போட்டு, புதிதாகப் பூசித் தருகிறேன் ஐயா, கடையில் வாங்கியது போல் ஆகிவிடும்” என்றார் பட்டறைக்காரர். எழுத்து நிற்குமா என்று கேட்டேன். கொஞ்சம் மழுங்கும் என்றார். அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். தெருமுனை வரை போனவன், திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த மஞ்சள் தேய்வு என் தந்தையாரின் பெருவிரல் அழுந்திய இடம். என் பெருவிரலை அதில் வைத்துப் பார்த்திருந்தேன். அவருடையது சற்று அகலம்.

பிளேடு தேட வேண்டியிருக்கும் என எண்ணினேன். தேவைப்படவில்லை. நூறாண்டுக்கு மேலாகியும் இருமுனைப் பிளேடின் அளவு மாறவில்லை. கடையில் வாங்கிய புதுப் பிளேடு அந்தப் பழைய தட்டில் சரியாகப் பொருந்தியது. முதல்நாள் தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். அழுத்தவே கூடாது, கருவியின் எடையே போதும் என்பதைக் கற்க ஒரு வாரம் ஆயிற்று. வேப்பமரத்தடியில் அவர் அதைப் பிடித்திருந்த சாய்வை எண்ணிப் பார்த்து, அதன்படி பிடித்தபோதுதான் சரியாக வந்தது.

இப்போது அது பெட்டியில் இல்லை. குளியலறை மாடத்தில் இருக்கிறது. என் பேரனுக்குப் பதினெட்டு வயது. பொறியியல் படிக்கிறான். எனக்குப் பின் உனக்குத்தான் என்று அதைக் காட்டினேன். கையில் எடுத்துத் திருகைக் கழற்றி, மூன்று துண்டுகளையும் பார்த்துவிட்டு மீண்டும் சரியாகப் பூட்டினான். “நன்றாக இருக்கிறது தாத்தா, ஆனால் நான் தாடி வைக்கப்போகிறேன்” என்றான். பிறகு தாடியைச் சீராக்கிக்கொள்ளச் சலூனுக்குப் புறப்பட்டான். அதே சிறுநகரம், பழைய கடைக்கு இரண்டு கடை தள்ளி. கூட்டம் இருந்ததால் வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள் என்று, திரும்பி வந்து குறைபட்டுக்கொண்டான்.